ஒரு டப்பா தண்ணீர்: பாலைவனத்தில் கொதித்த ரேடியேட்டர்களின் கதை

போன செமஸ்டர் லேப் வைவாவில் வெளிக் கல்லூரியிலிருந்து வந்த சார் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். லேபில் பாதி கழற்றி வைத்திருக்கும் பழைய ஜீப் இன்ஜினைக் காட்டி, “ரேடியேட்டர் பக்கத்துல இருக்கே இந்த பிளாஸ்டிக் டப்பா, இதுக்குள்ள வர்ற டியூப் ஏன்ப்பா அடிவரைக்கும் போகுது? மேலேயே விட்டா என்ன?”

“சூடானா அதிகப்படியான தண்ணி வெளிய வர்றதுக்கு சார்.”

“வெளிய வர்றதுக்குன்னா மேலேயே விட்டுடலாமே, அடிவரைக்கும் எதுக்கு?”

நான் டப்பாவைப் பார்த்தேன். டப்பா என்னைப் பார்த்தது. சார் மார்க் ஷீட்டைப் பார்த்தார். அவ்வளவுதான் :-)

அன்று சாயங்காலம் ஹாஸ்டலுக்கு வந்து, இதற்கு விடை தேடலாம் என்று உட்கார்ந்தேன். விடை இரண்டு வரியில் கிடைத்துவிட்டது. ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு நீண்ட கதை இருந்தது. அந்தக் கதை நடந்த இடம் எகிப்துக்கும் லிபியாவுக்கும் சூடானுக்கும் நடுவில் இருக்கிற லிபியப் பாலைவனம். அங்கே ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வண்டி மட்டும் நிற்காது, மனிதனும் நின்றுவிடுவான். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப் போகிறேன். மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம், கணக்கு ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது.

கொதிப்பது ஒரு காலத்தில் தப்பே இல்லை

இன்று வண்டி கொதித்தால் நாம் அதை ஒரு கோளாறு என்கிறோம். மோட்டார் வண்டி பிறந்தபோது நிலைமை அப்படி இல்லை. கார்ல் பென்ஸ் 1886-ல் காப்புரிமை பெற்ற மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் இருக்கும், அது கொதித்து ஆவியாகப் போகும், போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். குறைந்த தண்ணீரை மறுபடி ஊற்ற வேண்டியதுதான். 1888 ஆகஸ்டில் பென்ஸின் மனைவி பெர்த்தா, இரண்டு மகன்களோடு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 100 கிலோமீட்டர் அந்த வண்டியை ஓட்டிப் போனார். வழியெல்லாம் தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் போக வேண்டியிருந்தது. ஜெர்மனியில் வழியெங்கும் தண்ணீர் இருந்தது, அதனால் பிரச்சினை இல்லை.

இன்ஜின் சக்தி கூடக் கூட இந்த முறை சரிப்படவில்லை. பெட்ரோல் எரிந்து வரும் சூட்டில் தோராயமாக மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறும், ஒரு பங்கு புகையோடு போகும், மீதி ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமக்க வேண்டும் என்று எங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. அத்தனை சூட்டையும் ஆவியாக்கியே தள்ளினால் பின்னால் ஒரு தண்ணீர் லாரிதான் வரவேண்டும். 1900-ல் வில்ஹெல்ம் மேபாக் மெர்சிடிஸ் 35 குதிரைசக்தி வண்டிக்குத் தேன்கூடு ரேடியேட்டரைச் செய்தார். 8,070 சின்னச் சின்னச் சதுரக் குழாய்கள், அவற்றின் நடுவே காற்று, சுற்றிலும் தண்ணீர். அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குளிரவைத்துப் பயன்படுத்தலாம் என்றாகிவிட்டது. நம் ரேடியேட்டர்களின் தாத்தா இதுதான்.

அதற்குப் பிறகு 1908-ல் வந்தது ஃபோர்டின் மாடல் டி. 20 குதிரைசக்தி, விலை குறைவு, எவனும் ரிப்பேர் செய்யலாம். 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் விற்றது. மிக ஆரம்பத்தில் வந்த கொஞ்சம் வண்டிகளைத் தவிர மற்றவற்றில் வாட்டர் பம்ப் கிடையாது. சுடுதண்ணீர் லேசானது, தானாக மேலே ஏறி ரேடியேட்டரின் மேல்பக்கம் போகும். அங்கே குளிர்ந்து கனமாகி, கீழே இறங்கி மறுபடி இன்ஜினுக்கு வரும். தெர்மோசைஃபன் என்பார்கள். அடுப்பில் உலைத் தண்ணீர் சுழல்வதைப் பார்த்திருப்பீர்களே, அதே சங்கதிதான்.

இந்த முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. தண்ணீர் தானாகச் சுற்ற வேண்டுமென்றால், மேல் ஹோஸ் வாய் வரைக்கும் தண்ணீர் நிறைந்திருக்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் சங்கிலி அறுந்தது, சுற்றுவது நின்றது. கொஞ்சம் தண்ணீர் கொதித்துப் போனால் மட்டம் இறங்கும், மட்டம் இறங்கினால் சுற்றாது, சுற்றாவிட்டால் இன்னும் கொதிக்கும். தண்ணீர் குறைந்ததால் சூடானதா, சூடானதால் தண்ணீர் குறைந்ததா? வண்டி ஹீட் ஆகிறது என்று வந்து நிற்கும் எவரிடமும் ஒரு நல்ல மெக்கானிக் மனதுக்குள் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி இதுதான்.

மணலில் என்ன விசேஷம்?

பாலைவனத்தில் வெயில் அதிகம், அதனால் வண்டி கொதிக்கிறது என்றுதான் நானும் நினைத்தேன். வெயில் ஒரு காரணம்தான், ஆனால் பாதிக் காரணம் கூட இல்லை.

முதலாவது, மணல். சக்கரம் புதையப் புதைய வண்டியை முதல் கியரில் முழு ஆக்ஸிலரேட்டரில் ஓட்ட வேண்டும். இன்ஜின் முழு மூச்சாக உழைக்கும், வண்டியோ நடக்கிற வேகத்தில் நகரும். சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ரேடியேட்டருக்குள் புகுகிற காற்று இங்கே கிடைக்காது. இருப்பது ஃபேன் தள்ளுகிற காற்று மட்டும்தான்.

இரண்டாவது, காற்றின் திசை. லிபியப் பாலைவனத்தில் பெரும்பாலும் வடக்கிலிருந்துதான் காற்று வீசும். நீங்கள் தெற்கே போகிறீர்கள், காற்றும் உங்கள் முதுகில் அதே வேகத்தில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைப் பொறுத்தவரை காற்றே இல்லை! வெளியே காற்று வீசிக்கொண்டிருக்கும், ரேடியேட்டர் மட்டும் மூச்சுத் திணறும்.

இரண்டையும் கூட்டினால் ஒரு நாளில் பலமுறை கொதிக்கும். ஆவி ஓவர்ஃப்ளோ குழாய் வழியாக வெளியே போகும். போனது போனதுதான். அங்கே கிணற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் இருக்கலாம். இன்ஜினுக்கு ஊற்றுகிற ஒவ்வொரு லிட்டரும் வண்டியிலிருப்பவர்கள் குடிக்க வைத்திருந்த லிட்டர்.

இந்தத் தண்ணீர்க் கணக்கு மோட்டார் வண்டியோடு வந்ததும் இல்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜான் பால் என்ற சர்வேயர் தாக்லா பாலைவனச் சோலைக்குத் தென்மேற்கே ஒரு குன்றின் அடியில் நிறையப் பெரிய மண்ஜாடிகளைக் கண்டார். ஒட்டகத்தில் போகிறவர்கள் நடுவழியில் தண்ணீர் சேமித்துவைக்கக் கொண்டுவந்தவை. இன்று அந்த இடத்துக்கு அபு பலாஸ், ஜாடிகளின் குன்று, என்று பெயர். ஒட்டகமோ ஃபோர்டோ, தண்ணீரைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும். தூக்கிப் போவதை வீணாக்காமல் இருப்பதில்தான் சாமர்த்தியம்.

போர்க்களத்தில் ஒரு டின்

1916 முதல் எகிப்தின் மேற்குப் பாலைவனத்தில் பிரிட்டிஷ் ராணுவம் ‘லைட் கார் பேட்ரோல்’ என்ற சிறு குழுக்களை வைத்திருந்தது. செனூசிகளைக் கண்காணிப்பது அவர்கள் வேலை. வண்டி, மாடல் டி ஃபோர்டு. வேண்டாத தகரத்தையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு, ஒரு மெஷின் கன்னும் தண்ணீர் டின்களும் ஏற்றிக்கொண்டு அவர்கள் சுற்றினார்கள். அந்த வண்டிகளின் பக்கவாட்டில் ஒரு டின்னைக் கட்டி, ரேடியேட்டரிலிருந்து ஒரு ரப்பர் குழாயை அதற்குள் விட்டிருந்தார்கள். கொதித்து வருகிற ஆவி காற்றில் போகாமல் டின்னில் இருக்கும் தண்ணீருக்குள் போய்க் குளிர்ந்துவிடும்.

முதலில் யாருக்கு இந்த யோசனை தோன்றியது என்பதைவிட, அது எங்கே தோன்றியது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தண்ணீருக்குக் கஷ்டப்படாத ஊரில் யாருக்கும் இந்தத் தேவை வந்திருக்காது.

பேக்னால்ட் வருகிறார்

இந்தக் கதையின் நாயகன் ரால்ஃப் பேக்னால்ட். 1896-ல் பிறந்த ஆங்கிலேயர். முதல் உலகப் போரில் ராணுவப் பொறியாளர், போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜில் இன்ஜினியரிங் படித்துவிட்டு மறுபடி ராணுவத்துக்கே போனார், இந்த முறை சிக்னல்ஸ் பிரிவுக்கு. 1926-ல் எகிப்துக்கு மாற்றல். மற்ற அதிகாரிகள் லீவு நாளில் போலோ விளையாடிக்கொண்டிருக்க, இவரும் நாலைந்து நண்பர்களும் சொந்தக் காசில் ஃபோர்டு வண்டி வாங்கிக்கொண்டு பாலைவனத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். முதலில் மாடல் டி, பிறகு 1927 இறுதியில் வெளிவந்த மாடல் ஏ. மாடல் ஏ-யில் 40 குதிரைசக்தி, வாட்டர் பம்பும் உண்டு. அப்படியும் மணலில் கொதிக்கத்தான் செய்தது, ஏனென்றால் பம்ப் தண்ணீரைத்தான் சுற்றவைக்கும், காற்றைக் கொண்டுவராது.

1929, 1930, 1932 ஆகிய ஆண்டுகளில் அவர்கள் செய்த பயணங்கள் புவியியல் வரலாற்றில் இடம் பெற்றவை. ‘பெரிய மணற்கடல்’ என்று வரைபடத்தில் போட்டிருந்த இடத்துக்குள் மோட்டார் வண்டியால் போகவே முடியாது என்றுதான் அதுவரை எல்லோரும் சொல்லிவந்தார்கள். நூறு மீட்டருக்கு மேல் உயரமான மணல்மேடுகள் வரிசை வரிசையாக நிற்கிற இடம் அது. டயரில் காற்றைக் குறைத்தால் மணலில் புதையாது, புதைந்தால் சக்கரத்துக்கு அடியில் நீளமான இரும்புத் தகடுகளைச் செருகலாம், காந்த ஊசியைக் குழப்பும் இரும்பு வண்டிக்குள் சூரியனை வைத்துத் திசை பார்க்கலாம் என்று ஒவ்வொன்றாகச் செய்து பார்த்துக் கற்றார்கள். ராயல் ஜியாகிரஃபிகல் சொசைட்டி 1934-ல் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. 1935-ல் ‘லிபியன் சாண்ட்ஸ்’ என்ற புத்தகத்தில் இந்தப் பயணங்களை எழுதினார்.

ரேடியேட்டருக்கு அவர் செய்தது இதுதான். ஆவி வெளியே போகிற எல்லா வழியையும் அடைத்தார். மூடி காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்கும். ஓவர்ஃப்ளோ குழாயை மட்டும் நீட்டி, வண்டியின் ஃபுட்போர்டில் பொருத்திய இரண்டு கேலன் டின்னுக்குள் அடிவரைக்கும் இறக்கினார். டின்னில் பாதிக்குத் தண்ணீர் இருக்கும்.

ரேடியேட்டர் கொதிக்கும், ஆவி குழாய் வழியே டின்னுக்குள் இறங்கும், அங்கே குளிர்ந்த தண்ணீரில் பட்டுத் தண்ணீராகும். நேரம் ஆக ஆக டின் தண்ணீரும் சூடேறும். கடைசியில் டின்னே கொதித்து ஆவி விட ஆரம்பிக்கும்போது வண்டியைத் திருப்பி, மூக்கைக் காற்றுக்கு நேராகக் காட்டி நிறுத்துவார்கள். ஒரு நிமிடம் காத்திருந்தால் போதும். ரேடியேட்டர் குளிரும், உள்ளே இருக்கும் ஆவி சுருங்கும், வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் டின்னிலுள்ள தண்ணீரை அழுத்த, அது குடகுடவென்று குழாய் வழியே ரேடியேட்டருக்குள் திரும்பி ஏறிவிடும். ஒரு சொட்டு ஊற்ற வேண்டாம்!

எங்கள் வைவா சாரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அந்த டியூப் தண்ணீர் வெளியே போவதற்கு மட்டும் இல்லை, திரும்பி வருவதற்கும்தான். அதன் முனை தண்ணீருக்குள் மூழ்கியிருந்தால் தண்ணீரை உறிஞ்சும். மேலே நின்றால் வெறும் காற்றைத்தான் உறிஞ்சும்.

அந்த ஒரே ஒரு கணக்கு

டின் ஏன் சீக்கிரம் கொதித்துவிடுகிறது என்று எனக்குச் சந்தேகம் வந்தது. பிளஸ் டூ இயற்பியலே போதும்.

ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். 100 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிலோவை ஆவியாக்க 2,257 கிலோஜூல் வேண்டும். ஆவி மறுபடி தண்ணீராகும்போது அந்த 2,257-ஐயும் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். இரண்டு கேலன் டின்னில் பாதி என்றால் சுமார் 4.5 லிட்டர். அது 30 டிகிரியில் இருப்பதாக வைத்தால், 100 டிகிரி வரை ஏற 4.5 பெருக்கல் 4.18 பெருக்கல் 70, அதாவது சுமார் 1,317 கிலோஜூல். இதை 2,257-ஆல் வகுத்தால் 0.58. ஆக, அந்த டின் அரை லிட்டருக்குச் சற்று மேல் தண்ணீரின் ஆவியைத்தான் விழுங்க முடியும். அதற்குப் பிறகு அதுவும் கொதிக்கும்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. அந்த டின் இன்ஜினைக் குளிரவைக்கும் கருவி இல்லை. அது ஒரு கடன் கணக்கு. அரை லிட்டர் வரை கடன் கொடுக்கும், அதற்கு மேல் கேட்டால் நின்று அடைத்துவிட்டுத்தான் போகவேண்டும். நிற்காமல் விரட்டினால் டின்னிலிருந்தே ஆவி வெளியேறும், தண்ணீர் போய்விடும். பேக்னால்ட் குழுவின் வெற்றியில் பாதி டின்னுக்கு, பாதி அது கொதித்தவுடன் நிறுத்துகிற ஒழுக்கத்துக்கு என்பது என் கருத்து.

டின் சொல்லும் நோய்

நான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்ததற்கு முக்கியக் காரணம் இந்தப் பகுதிதான். டின் இல்லாத வண்டியில் சாயங்காலம் தண்ணீர் இரண்டு லிட்டர் குறைந்திருந்தால், அது கொதித்துப் போனதா, எங்கேயாவது ஒழுகிப் போனதா என்று சொல்லவே முடியாது. மணலில் சொட்டினால் தடம்கூட இருக்காது. டின் மாட்டியபின், கொதித்த தண்ணீர் டின்னுக்குப் போய்த் திரும்பி வந்தாக வேண்டும். டின்னையும் ரேடியேட்டரையும் சேர்த்துப் பார்த்து மொத்தம் குறையவில்லை என்றால் வண்டி நலம், மணல்தான் கடினம். மொத்தம் குறைந்தால், டின் ஆவி விடாமலே குறைந்தால், எங்கோ ஓட்டை. ரேடியேட்டர் தையலிலோ ஹோஸிலோ ஹெட் கேஸ்கட்டிலோ தேட வேண்டும். டின்னுக்குப் போன தண்ணீர் திரும்பி வராமல் அங்கேயே நின்றால், மூடியிலோ குழாயிலோ காற்று புகுகிறது. வெற்றிடம் உண்டாகவில்லை என்று அர்த்தம்.

இன்றைய ஜீப்பிலும் அந்த பிளாஸ்டிக் டப்பா இதே பாஷையைத்தான் பேசுகிறது. கேட்கத் தெரிந்தால் போதும்.

வண்டி குளிர்ந்த பிறகும் டப்பாவில் மட்டம் ஏறியே நிற்கிறது, ரேடியேட்டரில் குறைகிறது என்றால் முதலில் மூடியைச் சந்தேகப்படுங்கள். மூடியில் இரண்டு வால்வு உண்டு, ஒன்று அழுத்தம் கூடினால் வெளியே விட, இன்னொன்று வெற்றிடம் வந்தால் உள்ளே எடுக்க. குளிர்ந்தபின் மேல் ஹோஸ் சப்பிப்போய்க் கிடந்தால் அந்த இரண்டாவது வால்வோ டியூபோ அடைத்திருக்கிறது. இன்ஜின் ஓடும்போது டப்பாவில் விடாமல் குமிழி வந்துகொண்டே இருந்தால் சிலிண்டரின் எரிவாயு ஹெட் கேஸ்கட் வழியாகத் தண்ணீருக்குள் வருகிறது என்று பயப்படலாம். கூடவே சைலன்சரில் விடாத வெள்ளைப் புகையோ, ஆயில் பால் காப்பி நிறத்திலோ இருந்தால் சந்தேகம் உறுதியாகிறது.

மேட்டில் லோ கியரில் ஏறும்போது மட்டும் சூடாகி, ரோட்டில் வேகமாகப் போகும்போது சரியாகிவிட்டால் அது காற்றுப் பிரச்சினை, ஃபேனைப் பாருங்கள். நேர்மாறாக, நின்றால் சரி, வேகமாகப் போனால் சூடு என்றால் ரேடியேட்டர் உள்ளே உப்பு அடைத்திருக்கலாம், அல்லது தண்ணீர் சரியாகச் சுற்றவில்லை. சேற்றில் இறங்கி வந்த வண்டி என்றால் இதற்கெல்லாம் முன்னால் ரேடியேட்டர் இடுக்குகளில் காய்ந்திருக்கும் சேற்றைக் கழுவுங்கள். பாதி வைத்தியம் அதிலேயே முடிந்துவிடும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். சூடேறிக் காய்ந்த இன்ஜினில் பச்சைத் தண்ணீரைக் கொட்டுவதும் வேண்டாம், இரும்பு விரிசல் விட்டுவிடும்.

லீவு நாள் வித்தை போர் வித்தையானது

1939-ல் போர் தொடங்கியதும் ஓய்விலிருந்த பேக்னால்டை மறுபடி கூப்பிட்டார்கள். கென்யாவுக்குப் போக வேண்டிய கப்பல் மத்தியதரைக் கடலில் இன்னொரு கப்பலோடு மோதிப் பழுதானதால், எகிப்தில் போர்ட் சயீத் துறைமுகத்தில் இறங்க நேர்ந்தது. விதி என்பார்களே, அதுதான்! 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. லிபியா அப்போது இத்தாலியின் கையில். தெற்கே பாலைவனத்துக்குள் எதிரி என்ன செய்கிறான் என்று பார்த்துவர ஒரு சிறு படை வேண்டும் என்று பேக்னால்ட் தளபதி வேவலிடம் சொன்னார். ஆறே வாரத்தில் படை தயார். அதுதான் பிற்காலத்தில் ‘லாங் ரேஞ்ச் டெசர்ட் குரூப்’ என்று பெயர் பெற்றது. முதலில் சேர்ந்தவர்கள் நியூசிலாந்துக்காரர்கள், பலர் விவசாயிகள், வண்டியையும் இயந்திரத்தையும் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்.

வண்டிகள் பெரும்பாலும் செவ்ரோலே லாரிகள். நான்கு சக்கர டிரைவ் கூடக் கிடையாது. ஒவ்வொன்றிலும் மணல் தகடு, சூரியத் திசைகாட்டி, அப்புறம் அந்தத் தண்ணீர் டின். லீவு நாளில் நண்பர்கள் செய்துபார்த்த விளையாட்டு இப்போது படையின் உயிர்நாடியாகிவிட்டது.

தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு சம்பவம். 1941 ஜனவரி 31 அன்று கெபல் ஷெரீஃப் என்ற இடத்தில் இந்தப் படையின் ஒரு குழுவை இத்தாலியர்கள் தாக்கினார்கள். சில லாரிகள் எரிந்தன, மற்றவை பின்வாங்கின. பாறைகளுக்கு நடுவே நான்கு பேர் விடுபட்டுப்போனார்கள். இரண்டு பேருக்குக் காயம். உணவு இல்லை. கையில் இருந்தது, இரண்டு கேலனுக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருந்த ஒரு டின். எதிரியிடம் சரணடைவதற்குப் பதில் லாரிகளின் தடத்தைப் பிடித்துத் தெற்கே நடக்க முடிவு செய்தார்கள். வழியிலிருந்த சர்ரா கிணற்றை இத்தாலியர்கள் ஏற்கெனவே தூர்த்துவிட்டிருந்தார்கள். ஒருவர் நடக்க முடியாமல் சர்ராவில் தங்கிவிட்டார். பிறகு சுதந்திர பிரெஞ்சுப் படையினர் அவர்களை ஒவ்வொருவராகக் கண்டெடுத்தார்கள். கழுத்தில் காயம்பட்டிருந்த ஈஸ்டன் மீட்கப்பட்ட பிறகு இறந்துபோனார். காலில் காயத்தோடு நடந்த நியூசிலாந்து வீரர் ரொனால்ட் மூர், பத்தாவது நாள் சுமார் 210 மைல் தொலைவில் கண்டுபிடிக்கப்பட்டபோது இன்னும் நடந்துகொண்டுதான் இருந்தார். ‘மூரின் நடை’ என்று இன்றும் இதைச் சொல்கிறார்கள்.

ஒன்பது லிட்டருக்கும் குறைவான தண்ணீர், நான்கு பேர், பத்து நாள். ஆளுக்கு இரண்டேகால் லிட்டர்கூட இல்லை. நாம் ஒரு நாளில் குடிப்பது! ரேடியேட்டர் மூடி சரியில்லாத ஒரு லாரி ஒரே மதியத்தில் அதே அளவைக் காற்றில் விட்டுவிடும். அந்தப் பாலைவனத்தில் ஒரு ரப்பர் வாஷருக்கு என்ன விலை என்று இப்போது புரிகிறதா?

1942-ல் எஸ்.ஏ.எஸ். படை வில்லிஸ் ஜீப்புகளோடு அதே பாலைவனத்துக்கு வந்தது. அந்த ஜீப்புகளின் பழைய படங்களைப் பார்த்தால் முன்பக்கம் அசிங்கமாகத் தெரியும். காற்று நிறையப் புக வேண்டும் என்று கிரில் கம்பிகளை வெட்டி எறிந்திருப்பார்கள், பக்கத்திலேயே ஒரு தண்ணீர் டின் உட்கார்ந்திருக்கும். நான் முன்பு அதை ஸ்டைல் என்று நினைத்திருந்தேன். அது ஸ்டைல் இல்லை, தாகம்.

டின் எங்கே போனது?

போருக்குப் பிறகு அழுத்தம் தாங்கும் மூடிகள் எல்லா வண்டிகளிலும் பரவலாக வந்தன. அழுத்தம் கூடினால் கொதிநிலை கூடும், நம் குக்கர் மாதிரி. வெளிக்காற்றைப் போல இரண்டு மடங்கு அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 டிகிரியில்தான் கொதிக்கும். எத்திலீன் கிளைகால் கலந்த கூலண்ட் அதை இன்னும் கொஞ்சம் ஏற்றியது. 1961-ல் வந்த ரெனோ 4 காரில் முழுக்க மூடிய குளிர்விப்பு அமைப்பையும் அதற்கென்று ஒரு தனிக் குப்பியையும் வைத்தார்கள். ஓட்டுநர் அடிக்கடி தண்ணீர் ஊற்றவேண்டாம் என்று விளம்பரம் செய்யும் வசதி அது. அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தக் குப்பி சாதாரணமாகிவிட்டது. ஃபுட்போர்டில் கயிறு போட்டுக் கட்டிய தகர டின், பானெட்டுக்குள் வெள்ளை பிளாஸ்டிக் டப்பாவாகிவிட்டது. ஆவிக்குப் பதில் விரிந்த கூலண்ட் போகிறது, மற்றபடி போவதும் வருவதும் அதே கதைதான்.

பேக்னால்ட் ரேடியேட்டரோடு நிற்கவில்லை. மணல் காற்றில் எப்படி நகர்கிறது, மேடு எப்படி உருவாகிறது என்று ஆராய்ந்து 1941-ல் அவர் வெளியிட்ட புத்தகம் அந்தத் துறையின் அடிப்படை நூலாகிவிட்டது. 1944-ல் ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1990-ல், 94 வயதில் காலமானார். செவ்வாய்க் கிரகத்தில் கியூரியாசிட்டி ரோவர் ஆராய்ந்த மணல்மேடுகளுக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். அங்கே ரேடியேட்டர் கொதிக்கும் பிரச்சினை இல்லை :-)

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது ஒன்றுதான். பேக்னால்ட் பெரிய ரேடியேட்டர் செய்யவில்லை, புது இன்ஜின் கண்டுபிடிக்கவில்லை. “தண்ணீர் எங்கே போகிறது?” என்று கேட்டார். போகிற வழியில் ஒரு டின்னை வைத்தார். நாமோ தண்ணீர் குறைந்தால் ஊற்றுகிறோம், மறுநாள் குறைந்தால் மறுபடி ஊற்றுகிறோம், இன்ஜின் சீஸ் ஆகும்வரை. ஊற்றுவது வைத்தியம் இல்லை. எங்கே போகிறது என்று கேட்பதுதான் வைத்தியம்.

அடுத்த வாரம் சப்ளிமெண்டரி வைவா இருக்கிறது. அதே சார் வந்தால் நன்றாக இருக்கும். இந்த முறை அவர் போதும் என்று சொல்லும்வரை நான் நிறுத்துவதாக இல்லை.